மகாராஜாவின் இடுப்பளவு

முன்னொரு காலத்தில் மங்கலக்கோட்டையை வீரகோதண்டன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். ஆண்டது கொஞ்சம், சாப்பிட்டது அதிகம். பட்டத்துக்கு வந்தபோது மூங்கில் மாதிரி இருந்தவரை இப்போது சிம்மாசனத்திலிருந்து எழுப்பிவிட ரெண்டு ஆள் வேண்டும். இதை அவரிடம் யார் போய்ச் சொல்வது?

அரண்மனைத் தையல்கூடத்தில் ஆளுக்கொரு வேலை. துணி வெட்டுகிறவர், கை வைத்துத் தைக்கிறவர், காஜா எடுக்கிறவர், தேய்த்து மடிக்கிறவர். ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைக்க மாட்டார். இவர்களில் ஒருவர்கூட ராஜாவைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. அளவு சொல்கிற பெருமை உடைமேலாளர் பரிமளராயருக்கு மட்டும். அவர் நூல் பிடித்து அளப்பதெல்லாம் இல்லை. தள்ளி நின்று ஏற இறங்கப் பார்த்து, இடுப்பு முப்பத்தாறு விரற்கடை, பட்டாபிஷேகத்தன்று இருந்த அதே இடுப்பு என்று கூவுவார். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

பழைய வெட்டுக்காரர் விவரமானவர். சொன்ன அளவுக்கு மேல் கமுக்கமாக முழக்கணக்கில் சேர்த்து வெட்டிவிடுவார். அவர் காலமானதும் மந்திரி வேம்பையர் கொண்டுவந்து வைத்தவர் செங்கோடன். கொடுத்த அளவில் இம்மி பிசகாமல் வெட்டுவார். வினையே அதுதான். ராஜாவை ஒரு தடவை பார்த்துவிட்டு வெட்டுகிறேனே என்று அவர் கெஞ்சினார். கத்தரிக்கோல் பிடிக்கிறவனுக்கு ராஜ தரிசனம் ஒரு கேடா என்று ராயர் விரட்டிவிட்டார்.

பிறந்தநாள் கொலுவன்று ராஜாவைப் பிடித்துப் புது அங்கிக்குள் திணித்தார்கள். ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினார், அவ்வளவுதான். அக்குளிலிருந்து இடுப்புவரை தையல் பிரிந்தது. பொத்தான் தெறித்து அயல்நாட்டுத் தூதரின் பாயசத்தில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவரவர் பட்ட பாடு அவரவருக்குத்தான் தெரியும்.

ராயருக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. மந்திரியின் ஆள் மாட்டினால் விடுவாரா? வெட்டினவன்தான் குற்றவாளி என்றார். செங்கோடனின் வலது கட்டைவிரலை எடுக்கச் சொல்லி ராஜா உத்தரவு போட்டார். செங்கோடனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. கட்டைவிரல் இல்லாமல் கத்தரிக்கோலை எப்படிப் பிடிப்பது, பிழைப்பது எப்படி? சொன்ன அளவுக்கு வெட்டியதற்கா இந்தக் கதி என்று உள்ளுக்குள் குமுறினார்.

மந்திரி எழுந்தார். விரலை எடுப்பதற்கு முன் அங்கியையும் விசாரித்துவிடலாம் என்றார். பிரிந்த தையலை அதே இடத்தில் மறுபடி போட்டு, பொத்தானையும் கழுவித் தைத்து, சபையில் ஒவ்வொருவருக்கும் மாட்டிப் பார்க்கச் சொன்னார். தளபதிக்குத் தோளோடு நின்றது. பொக்கிஷதாருக்கு வயிற்றோடு நின்றது. கடைசியில் குதிரை லாயத்தில் புல் போடும் காத்தானைக் கூட்டிவந்தார்கள். அவன் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு சுருக்கம் கிடையாது.

"ராயரே, நீர் சொன்ன அளவு சரிதானே?" என்றார் மந்திரி.

"இம்மி பிசகாது."

"அப்படியானால் மகாராஜாவின் இடுப்பு இதோ நிற்கிறது. இவர்தான் மகாராஜா. விழுந்து கும்பிடும்."

ராயருக்கு முகம் வெளுத்தது. விழுந்தால் ராஜத்துரோகம், விழாவிட்டால் அளவு பொய். அவர் விழிப்பதைப் பார்த்துப் பயந்துபோன காத்தான், அவர் காலில் தானே விழுந்துவிட்டான்.

ராஜா காத்தானின் இடுப்பைப் பார்த்தார். குனிந்து தன் இடுப்பைப் பார்க்க முயன்றார், தெரியவில்லை. உண்மையில் எவ்வளவு என்று ராயரைக் கேட்டார். அளந்ததே இல்லை என்று ராயர் ஒப்புக்கொண்டார்.

விரல் தண்டனை ரத்தானது. மந்திரிக்குப் பொன்னாடை கிடைத்தது. இனிமேல் செங்கோடனே நேரில் அளப்பார், ராயர் நூல் நுனியைப் பிடித்துக்கொண்டு அளவைச் சபையறியக் கூவவேண்டும் என்று தீர்ப்பானது.

அங்கேயே செங்கோடன் நூலைச் சுற்றினார். ராஜா வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார், முகம் சிவந்து கண் பிதுங்கியது.

"மூச்சை விடுங்கள் மகாராஜா, அங்கியைப் போட்டுக்கொண்டு சாப்பிடவும் வேண்டுமே" என்றார் செங்கோடன்.

ராஜா மூச்சை விட்டார். ராயர் தலையைக் குனிந்துகொண்டு, எழுபத்திரண்டு என்று முனகினார்.

"சபைக்குக் கேட்கவில்லை," என்றார் ராஜா, "இன்னொரு தடவை சொல்லும்."