ஓரத்துல ஒரு கட்டைவிரல்

குருவுக்கு வயசு இருபத்தி நாலு. பேரு நிலோஃபர். ஹெல்மெட்டோட பிளாஸ்டிக் கண்ணாடியில ஆவி படியாம இருக்க மருந்து பூசுற ரூம்தான் ஆசிரமம்.

சிஷ்யன் தவசி ரெண்டு வயசு மூத்தவன். காலேஜைப் பாதியில விட்டவன், பேச்சை மட்டும் விடாதவன்.

அந்த ரூம்ல எல்லாருக்கும் தொப்பி, மாஸ்க், கையுறை. தூசி ஆகாது. விரல் ஆகவே ஆகாது. சாப்பாட்டு நேரமும் ரெண்டு பேருக்கும் வேற வேற. எட்டு மாசத்துல ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பாத்ததோட சரி.

ஒரு சனிக்கிழமை, ஷிஃப்ட் முடியுற நேரம். தவசி சொன்னான்:

"குருவே, திங்கக்கிழமையிலருந்து நான் வரல."

"ஏன், பெரிய ஆசிரமமா கெடச்சிருச்சா?"

"தங்கியிருக்குற ரூமையும் காலி பண்றேன். போன வாரம் மூணு நாள் காய்ச்சல்ல கெடந்தேன்ல? ஒரே ஒரு போன் வந்துச்சு. காலர் ட்யூன் வேணுமான்னு. அதுவும் ரெக்கார்டிங்."

"கட் பண்ணிட்டியா?"

"முழுசாக் கேட்டேன். நல்ல குரல்."

நிலோஃபர் சிரிக்கல.

"நான் இங்க இருந்தேன்னு யாருக்குத் தெரியும் குருவே? என் தொப்பியை இன்னொருத்தன் தலையில மாட்டி விட்டா, நீங்களே 'வா தவசி'ம்பீங்க."

அவ அலமாரியோட கீழ்த்தட்டுலருந்து ஒரு கண்ணாடியை எடுத்தா. சோதனைக்கு வெச்சிருந்த வெந்நீர்ப் பாத்திரத்து மேல பிடிச்சா.

கண்ணாடி தெளிவாவே இருந்துச்சு. ஓரத்துல மட்டும் வெள்ளையா ஒரு கட்டைவிரல் ரேகை எழும்பி வந்துச்சு. குறுக்கால ஒரு தழும்பு.

தவசி கையுறையைக் கழட்டி விரலைப் பாத்தான். அதே தழும்பு.

"நீ வந்த மொத நாள். கையுறை போடாமத் தூக்கின. தொட்ட இடத்துல மருந்து பிடிக்கல. ரிஜெக்ட்."

"அதை எட்டு மாசமா வெச்சிருக்கீங்களா?"

"நீ வராத மூணு நாளும் ஆவியில காட்டிப் பாத்தேன்."

தவசி கையுறையை மறுபடி மாட்டிக்கிட்டே கேட்டான்.

"உங்க விரல் பட்ட கண்ணாடி எங்க குருவே?"

"அன்னைக்கே குப்பையில போட்டுட்டாங்க."

மருந்து பூசாத கண்ணாடி ஒண்ணை எடுத்து அவ முன்னால நீட்டினான் தவசி. அவ அதையே பாத்துக்கிட்டு நின்னா. வெளியில ஷிஃப்ட் பஸ் ஹாரன் அடிச்சுது.

அப்புறம் கையுறையைக் கழட்டினா. ஓரத்துல கட்டைவிரலை அழுத்தி வெச்சா. மறுபடி கையுறையை மாட்டி, கண்ணாடியை மருந்துத் தொட்டியில முக்கி எடுத்து, காயப் போடுற ரேக்குல மாட்டினா.

"இது காஞ்சு சோதனைக்கு வர திங்கக்கிழமை ஆயிடும்"ன்னா. "யாரு வந்து ஆவியில காட்டிப் பாக்குறது?"