வலப்பக்கப் பொத்தான்

கருவிகளுக்கெல்லாம் வாய் இருந்த காலம் அது. சுத்தியல் சலித்துக்கொள்ளும், குறடு கோள் சொல்லும். ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னுக்கு மட்டும் தன் சூடு எவ்வளவு என்று சொல்லத் தெரியாது. தொட்டால்தான் தெரியும்.

திண்டுக்கல்லில் ரேடியோ கடை வைத்திருந்தார் சவரியப்பன். அவர் மனைவி லூர்தம்மாள் இடக்கைக்காரி. பற்றவைப்பதில் படு கெட்டிக்காரி, ஆனால் விரலெல்லாம் கொப்புளம். பார்க்கச் சகிக்காமல் சவரியப்பன் ஒரு தகரப் பெட்டி செய்தார். குமிழைத் திருகினால் அயர்னின் சூடு கூடும், குறையும். அயர்னுக்குப் போகிற வயர் வெளியே வருவதற்குப் பழக்கதோஷத்தில் வலப்பக்கம் துளை போட்டுவிட்டார்.

"யோவ், என்னை யாருக்குய்யா செய்யறே?" என்று கத்தியது பெட்டி.

நாக்கைக் கடித்துக்கொண்டு இடப்பக்கம் இன்னொரு துளை போட்டார். வீணாய்ப்போன துளையை, அவருடைய கல்யாணச் சட்டையிலிருந்து ஒரு பொத்தானை அறுத்து ஒட்டி அடைத்தாள் லூர்தம்மாள். "இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் நான்" என்று சிரித்தாள்.

அப்புறம் பதினெட்டு வருஷம் அவள் விரலில் ஒரு கொப்புளம் இல்லை. ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள், மகராசி. சவரியப்பனுக்கு மிச்சம் அந்தப் பெட்டியின் பேச்சுதான். காலையில் குமிழைத் திருகியதும், "லூர்து இருந்தா இந்நேரம் உன்னைத் திட்டியிருப்பா" என்னும். அதைக் கேட்டுவிட்டுத்தான் காப்பியே குடிப்பார்.

ஒருநாள் கோயம்புத்தூரிலிருந்து பொன்னுரங்கம் என்பவன் வந்தான். "ஏனுங்க, இதைக் குடுத்தா இதே மாதிரி ஆயிரம் பண்ணிப்போடுவனுங்க. ஆனா பிரிச்சுப் பார்க்கோணும். அப்புறம் இது பேசுமான்னு சொல்ல முடியாதுங்க."

சவரியப்பன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். "முடியாதுய்யா, போ."

"ஊர்ல எத்தனை பேருக்கு விரல் வேகுது!" என்றது பெட்டி. "லூர்து இருந்தா குடுத்திருப்பாள்ல?"

அவர் அழுதார். அழுதுகொண்டே கொடுத்தார்.

பொன்னுரங்கம் ஒரு பயந்தாங்கொள்ளி. எதை விட்டால் சூடு ஏறாதோ என்று ஒன்றுவிடாமல் அப்படியே நகலெடுத்தான். ஆறு மாதம் கழித்துக் கடையில் புதுப்பெட்டிகள் வரிசையாக இருந்தன; பிரித்துப் பார்த்த பழைய பெட்டி பேச்சிழந்து ஓரமாக இருந்தது. சவரியப்பன் ஒவ்வொன்றாகக் குமிழைத் திருகிக் காதை வைத்துக் கேட்டார். ஒன்றும் பேசவில்லை. அப்போதுதான் பார்த்தார்: எல்லாவற்றிலும் வயர் இடப்பக்கம், வலப்பக்கம் ஒரு சட்டைப் பொத்தான். அடப்பாவி, பொத்தானையுமா! அழுகையும் சிரிப்புமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான், அந்தப் பெட்டிகளில் வயர் இடப்பக்கம் வருவதும், வலப்பக்கம் எதற்கென்றே தெரியாத ஒரு பொத்தான் இருப்பதும். வயர் இடறும்போதெல்லாம் வலக்கைக்காரர்கள் திட்டுகிறார்கள். திட்டட்டும், விரல் வேகாமல் உட்கார்ந்துதானே திட்டுகிறார்கள்!