சுள்ளிமேட்டார் செட்டிநாட்டில் பாகம் பிரித்த கதை

காங்கேயத்துக்கு அந்தப் பக்கம் சுள்ளிமேட்டுப்பாளையம் என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களுக்கு மூளையே கிடையாது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். அது அநியாயமான பேச்சு. மூளை எல்லாருக்கும் இருந்தது. எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு வருஷம் காடு கழனி வேலையெல்லாம் முடிந்து சும்மா இருந்த நேரத்தில் ஐந்து பேர் செட்டிநாடு சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். தலைவர் சென்னியப்பன். ஓடாத கைக்கடிகாரம் ஒன்று அவரிடம் இருந்ததால் அந்தப் பதவி. அடுத்தவர் நாச்சிமுத்து, முதலில் கோபப்பட்டுவிட்டுப் பிறகு என்ன விஷயம் என்று கேட்கிறவர். மூன்றாமவர் ராக்கியண்ணன், ஆழ்ந்து சிந்திக்கிறவர். மீதி இரண்டு பேரும் "ஆமாங்க" சொல்வதற்காக வந்தவர்கள்.

"செட்டிநாட்டுக்குப் போயிட்டு அந்தப் பெரிய வீடுகளைப் பார்க்காம வந்துராதீங்க" என்று பஸ் கண்டக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் இறங்கியதும் கண்ணில் பட்ட முதல் பெரிய வீட்டுக்கு எதிரே ஐந்து பேரும் வரிசையாக நின்று அதைப் பார்க்கத் தொடங்கினார்கள். வீடு அந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிந்தது. முழுசாகப் பார்க்க வேண்டுமே என்று "ஆமாங்க" ஆசாமிகள் இருவரையும் பின்தெருவுக்கு அனுப்பி, அங்கிருந்து பார்க்கச் சொன்னார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒருவரும் அசையவில்லை.

வீட்டுக்காரர் சோலையப்பச் செட்டியார் வெளியே வந்தார். வெளியூர் ஆட்களைத் தங்கவைத்து, அதில் வருவதைக் கொண்டு ஓடு மாற்றி, ஒழுகல் அடைத்து, எப்படியோ அந்த வீட்டைக் காப்பாற்றி வந்தவர். வீட்டில் பாதிப் பங்கு அவருடைய சித்தப்பா மகன் வயிரவனுக்கு. அவன் சென்னையில் இருக்கிறவன். வீட்டை இடித்துத் தேக்குத் தூணையும் கதவு நிலையையும் விற்றுவிடலாம் என்று ஒற்றைக்காலில் நின்றான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மர வியாபாரியைக் கூட்டி வருவதாகவும் சொல்லியிருந்தான். செட்டியாருக்கு அந்த வீடுதான் உயிர். பாவம், சோறு இறங்காமல் இருந்தார். அந்த நிலையிலும் வந்தவர்களைச் சிரித்த முகத்தோடு வரவேற்றார்.

"உள்ள வாங்க, இப்படி வெயில்ல நிக்கிறியளே! இது உங்க வீடுன்னு நெனச்சுக்கங்க. சொந்த வீட்டுல எப்படி இருப்பியளோ அப்படியே இருக்கணும், சொல்லிட்டேன்."

ஐவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு வீடு தங்களுக்கு இருப்பது அதுவரை அவர்களுக்குத் தெரியாது.

உள்ளே தரை பளபளவென்று இருந்தது. நாச்சிமுத்து குனிந்து பார்த்துவிட்டு, "எவனோ கீழ நின்னுக்கிட்டு என்னைய மொறைக்கிறானுங்க" என்று கோபப்பட்டார். தரைக்கு எண்ணெய் போட்டுத் துடைத்ததால் முகம் தெரிகிறது என்று செட்டியார் விளக்கினார். சுவரும் அதே பளபளப்பு. "சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து பூசினது, அந்தக் காலத்து வேலை" என்று பெருமையாகச் சொன்னார்.

அதுதான் வினையாகப் போயிற்று. அன்று சனிக்கிழமை. ராக்கியண்ணன் சனிக்கிழமையில் கவுச்சி தொடமாட்டார்.

"முட்டைச் சுவத்துல சாஞ்சா விரதம் என்னாகுமுங்க?" என்றார்.

"சாயறது திங்கிறதுல சேருமா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"முதுகுல பட்டா முதுகு தின்ன மாதிரிதானுங்களே."

"ஆமாங்க" என்றார்கள் இருவரும். ஆகவே ஐந்து பேரும் எந்தச் சுவரிலும் உரசாமல், திறந்த முற்றத்தின் நட்டநடுவில் படுத்துத் தூங்கினார்கள். அத்தனை அறையிலும் கட்டிலில் மெத்தை விரித்துக் கிடந்தது.

விடிந்ததும் ஐவரும் கூடி யோசித்தார்கள். சொந்த வீட்டில் காலையில் என்ன செய்வோம்? தலைவர் சென்னியப்பன் ஊரில் தினமும் எழுந்ததும் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடுவார். ஆகவே வாசலுக்குப் போய், அடுத்த வீட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்த ரிட்டையர்டு தாசில்தாரை, "உங்க எருமை வந்து என்ற சோளத்தை மேஞ்சுபோட்டுது" என்று ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தார். தாசில்தாருக்கு எருமை கிடையாது. அவர் பல் விளக்குவதை நிறுத்திவிட்டு வெகுநேரம் யோசித்தார்.

நாச்சம்மை ஆச்சி, செட்டியாரின் மனைவி, வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் கொண்டுவந்து வைத்தார். இலையில் விழுவதற்கு முன்பே நாச்சிமுத்து, "உப்பே இல்லை, இதையெல்லாம் மனுசன் திம்பானா?" என்று கத்தினார்.

"வாயில வைக்கவே இல்லையே நீங்க?" என்றார் ஆச்சி.

"எங்கூட்ல வாயில வைக்கறதுக்கு மின்னாடியே சொல்லிப்போடுவனுங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் பதினெட்டுப் பணியாரம் சாப்பிட்டார்.

வயிறு நிறைந்ததும் ராக்கியண்ணனுக்குச் சிந்தனை வந்தது. முகம் வாடிவிட்டது.

"அஞ்சு பேருக்கும் சேர்த்து ஒரே வீடு. நாளைக்கு நம்ம பசங்க அடிச்சுக்குவாங்களே. இப்பவே பாகம் பிரிச்சுப்போட்டா நல்லதுங்க."

எல்லாருக்கும் கண் கலங்கிவிட்டது. ஒன்றாகப் பிறக்காவிட்டாலும் ஒன்றாக பஸ்ஸில் வந்தவர்கள் ஆயிற்றே. மனசைக் கல்லாக்கிக்கொண்டு, துணி காயப்போட்டிருந்த கொடிக்கயிற்றை அவிழ்த்து முற்றத்தைப் பிரித்தார்கள். தரையைப் பிரிப்பது சுலபமாக முடிந்தது. மேலே அண்ணாந்து பார்த்தபோதுதான் சிக்கல்.

"மழை பேஞ்சா நடுவுல உழுகற தண்ணி யாருக்கு?"

"கயித்துக்கு இந்தப் பக்கம் உழுந்தா எனக்கு, அந்தப் பக்கம் உழுந்தா உனக்கு."

"கயித்து மேலயே உழுந்தா?"

அந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார்கள். காலை வெயில் நாச்சிமுத்துவின் பாகத்தில் சதுரமாக விழுந்திருந்தது. அவர் வேட்டியைக் காயவைத்துவிட்டுச் சற்று நேரம் கண்ணை மூடினார். விழித்துப் பார்த்தால் வெயில் கயிற்றைத் தாண்டிச் சென்னியப்பன் பாகத்துக்குப் போயிருந்தது.

"என்ற வெயில எடுத்துக்கிட்டீங்களே! நீங்கெல்லாம் ஒரு தலைவருங்களா?"

"நான் கை வைக்கவே இல்லீங்க, அதாவே வந்துச்சு."

"கூப்பிடாம எப்படீங்க வரும்?"

சண்டை முற்றி, கடிகாரத்தைக் கழற்றிக் கீழே வைக்கும் அளவுக்குப் போய்விட்டது. அந்த நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. வயிரவன் முன்னே வர, மர வியாபாரி பின்னே வந்தார். செட்டியார் ஓரமாக ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பிடிப்பது அதுவே கடைசித் தடவை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

வியாபாரி கயிற்றைப் பார்த்தார், கத்திக்கொண்டிருந்த ஐவரையும் பார்த்தார். "யாருங்க நீங்க எல்லாம்?"

"வீட்டுக்காரங்க" என்றார் சென்னியப்பன். "பாகம் பிரிச்சுக்கிட்டு இருக்கறமுங்க. சித்த இருங்க, வெயில் பஞ்சாயத்து முடியட்டும்."

வியாபாரி வயிரவனை முறைத்தார். "ரெண்டே பங்காளின்னு சொன்னீங்களே சார்?"

"இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க!" என்று பதறினான் வயிரவன்.

"முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் சார். வீட்டை விக்க வர்ற எல்லாருமே இதைத்தான் சொல்லுவாங்க" என்றார் வியாபாரி. பிறகு செட்டியாரிடம் திரும்பினார். "பெரியவரே, நீங்க பொய் சொல்லமாட்டீங்க. இது இவங்க வீடுன்னு இவங்களுக்கு யாரு சொன்னது?"

செட்டியார் தூணை விட்டுவிட்டு முன்னே வந்தார். "நாந்தான் சொன்னேன்" என்றார். உண்மையைத்தானே சொல்ல முடியும்!

வியாபாரி கடைசி ஆசையாக ஒரு தேக்குத் தூணைத் தட்டிப் பார்த்தார். நாச்சிமுத்து பாய்ந்து வந்தார். "மெதுவா தட்டுங்க. தூணுல பாதி என்றது, பாதி தலைவரோடது. நெழல் மட்டும் முழுசா ராக்கியண்ணனோடது. நெழலுக்கு அவரு சம்மதிக்கோணும்."

"சம்மதிக்கமாட்டனுங்க" என்றார் ராக்கியண்ணன்.

"ஆமாங்க" என்றார்கள் மற்ற இருவரும்.

வியாபாரி வயிரவனைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டார். "இந்த வில்லங்கம் தீர்றதுக்குள்ள என் பேரனுக்குப் பல்லு விழுந்துரும் சார்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். தான் வந்ததும் அதே காரில்தான் என்பது வயிரவனுக்குக் கார் போன பிறகே நினைவு வந்தது.

வயிரவன் தளர்ந்துபோய் உட்காரப் போனான். "அது என்ற பாகம்" என்று ஓர் ஆமாங்க ஆசாமி முதல்தடவையாக "ஆமாங்க" அல்லாத வார்த்தை பேசினார். தள்ளி நின்றான். அது இன்னொருவர் பாகம். சுற்றிச் சுற்றி வந்தவன் கடைசியில் செட்டியாரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நம்ம வீட்டுல எனக்கு நிக்க எடமில்லையே! நான் விக்கலைண்ணே, சத்தியமா விக்கலை. முதல்ல இவங்களை ஊருக்கு அனுப்புங்க."

செட்டியாருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆச்சி உள்ளே ஓடி, சீப்புச் சீடை, மனகோலம் என்று பலகாரங்களைப் பை நிறையக் கட்டிக்கொண்டு வந்தார். பஸ் நேரம் ஆகிவிட்டதால் ஐவரும் கிளம்பினார்கள். செட்டியார் வாசல் வரை வந்து கைகூப்பினார். "இந்த வீட்டை நீங்கதான் காப்பாத்திக் குடுத்திய. ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்."

ஐந்து பேரும் தள்ளிப் போய் ரகசியமாகக் கூடிப் பேசினார்கள். வந்ததிலிருந்து இந்தப் பெரியவர் இங்கேயேதான் இருக்கிறார், பெருக்குகிறார், துடைக்கிறார், சாப்பாடு போடுகிறார். போக்கிடம் இல்லாதவர் போலிருக்கிறது. திடீரென்று வெளியே போகச் சொன்னால் இந்த வயசில் எங்கே போவார்? சென்னியப்பன் திரும்பி வந்து அவர் தோளில் ஆதரவாகக் கை வைத்தார்.

"நாங்க வர்ற வரைக்கும் நீங்களும் ஆச்சியும் இங்கயே இருந்துக்குங்க. வாடகையெல்லாம் வேண்டாமுங்க. சுவத்துல ஆணி மட்டும் எங்களைக் கேக்காம அடிச்சுப்போடாதீங்க."

இருந்த சந்தோஷத்தில் செட்டியார், "சரிங்க" என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல் தவறாத மனுஷர். தை மாதம் புதுக் காலண்டர் வந்ததும் ஓர் ஆணி அடிக்க அனுமதி கேட்டுச் சுள்ளிமேட்டுப்பாளையத்துக்குப் போன் செய்தார். அந்தச் சுவர் யாருடைய பாகத்தில் வருகிறது என்று அங்கே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முடிவு தெரியும்வரை காலண்டரைச் செட்டியாரும் ஆச்சியும் முறை வைத்துக்கொண்டு, சுவரோரமாக நின்று, கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.