புற்று உற்சவம்

கருங்காட்டுப் பெருமாள் கோயிலில் எறும்புத்தின்னிகளான அழுங்குகளுக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். முதலில், சன்னிதியில் அவை நின்ற இடத்தை மயில்கள் பிடித்துக்கொண்டன. அடுத்து, அவற்றுக்கு வந்த தீர்த்தம் மயில்களுக்குப் போனது. அதற்கடுத்து, தல புராணமே மாறிப்போனது!

பழைய புராணம் இதுதான். காட்டில் ஒரு கரையான் புற்று இருந்தது. பசியோடு வந்த ஓர் அழுங்கு அதை உடைத்தது. உள்ளே பெருமாள்! கரையானை மறந்து அது கைகூப்பி நின்றது. அந்த இடத்தில்தான் கோயில் எழுந்தது.

புதிய புராணத்தில் அழுங்கே இல்லை. புற்றை உடைத்தது ஒரு மயிலாம்!

இதைக் கேட்டு அழுங்குகள் என்ன செய்தன? சுருண்டுகொண்டன. ஆபத்து வந்தால் உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்வது அந்தக் குலத்தின் வழக்கம். புலிக்கு அது போதும். புளுகுக்குப் போதுமா?

செதிலி என்ற கிழ அழுங்கு மட்டும் சுருளவில்லை. திருவிழாதோறும் கொடிமரத்தடியில் நின்று நியாயம் கேட்பாள். திருவிழாதோறும் அடித்து விரட்டுவார்கள். முதுகுச் செதிலில் பாதி போயிற்று. வாய் மட்டும் போகவில்லை.

பெருமாள் முன்னிலையில் பெயர் சொல்லி அழைத்து மரியாதை செய்வதற்கு அருளப்பாடு என்று பெயர். அதைக் கூவுகிற கிளி அந்த வருடம் ஒன்று அறிவித்தது. "இந்தத் திருவிழாவிலும் அழைக்கப்படாத குலத்துக்கு இனி எந்நாளும் அருளப்பாடு இல்லை!"

"விடு மதினி!" என்றான் செதிலியின் கொழுந்தன் சுருளன். "பெயர் போனால் என்ன? கரையான் கிடைக்கிறதல்லவா?"

"உனக்கு வயிறு போதுமென்றால் சுருண்டு கிட! எனக்கு முதுகெலும்பும் இருக்கிறது!"

திருவிழா வந்தது. செதிலியைக் கண்டதும் மயில்களின் தலைவர் தோகைராயர் அலறினார். "வந்துவிட்டாள் கலகக்காரி! விரட்டுங்கள்!"

"பொறுங்கள் ராயரே! சண்டைக்கு வரவில்லை. உங்கள் பாட்டனார் புற்றை உடைத்தாரே, அதை எல்லாரும் கண்ணால் பார்க்க வேண்டாமா? நம் கோயிலிலும் ஒரு புற்று உற்சவம் நடக்கட்டுமே! பாட்டனார் வேடம் போட உங்களை விட்டால் வேறு யார்?"

"வேண்டும்! வேண்டும்!" என்று குரங்குகள் மதில்மேல் குதித்தன.

புகழ்ச்சி காதில் விழுந்தால் ராயருக்குத் தோகை தானாக விரியும். "அதற்கென்ன? இதோ!" என்று நந்தவனத்துப் புற்றின் முன் போய் நின்றார். வெயிலில் காய்ந்து கல்லாய்ப் போன புற்று அது.

காலால் உதைத்தார். மண் உதிரவில்லை. அலகால் கொத்தினார். அலகுதான் வலித்தது.

"ராயரே! பாட்டனார் காலால் உடைத்தாரா, தோகையால் உடைத்தாரா?" என்று கேட்டது ஒரு குரங்கு.

ராயருக்கு ரோஷம் பொங்கியது. பறந்து வந்து புற்றின் உச்சியில் தொப்பென்று குதித்தார். உச்சித் துவாரத்தில் கால் சிக்கிக்கொண்டது. கரையான்கள் கூட்டமாய்க் கடித்தன.

"ஐயோ! கால் போச்சே! யாராவது புற்றை உடையுங்கள்!"

செதிலி அசையவில்லை. "யாரை அழைக்கட்டும் ராயரே?"

"உடைக்கத் தெரிந்தவர்களை!"

"அது யார்? பெருமாள் காதில் விழும்படி சொல்லுங்கள்!"

"அழுங்கு! அன்று உடைத்ததும் அழுங்குதான்! எங்கள் பாட்டன் அந்தப் பக்கமே வரவில்லை! காலை எடுத்துவிடு தாயே!"

செதிலி நகத்தால் ஓர் இழுப்பு இழுத்தாள். புற்று பிளந்தது. கால் வந்தது. கூட்டத்தின் ஓரத்தில் பந்து பந்தாகக் கிடந்த அழுங்குகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. "இன்னொரு தடவை சொல்லச் சொல் மதினி! சுருண்டிருந்ததில் சரியாகக் கேட்கவில்லை!" என்றான் சுருளன்.

கிளி ராயரைப் பார்த்தது. கூட்டத்தைப் பார்த்தது. இத்தனை காதுகள் கேட்டதை இனி எப்படி மாற்றுவது? கொடிமரத்தின்மேல் ஏறி, காடே கேட்கக் கூவியது.

"அருளப்பாடு! புற்றை உடைத்துப் பெருமாளைக் கண்ட அழுங்கு குலத்துச் செதிலி!"

சுருண்டு கிடப்பவரின் உழைப்புக்கு வேறொருவர் பெயர் சூட்டிக்கொள்வார். நிமிர்ந்து நின்று கேட்பவருக்கே உரிமை வந்து சேரும்.