புலியின் காதில் ஒட்டிய சுண்ணாம்பு

அந்தக் காலத்தில், மிருகங்களெல்லாம் நம்மைப் போலவே பேசிக்கொண்டும் நம்மைப் போலவே ஊர்வம்பு அடித்துக்கொண்டும் இருந்த காலத்தில், மிருகக்காட்சிசாலை என்று ஒன்று கிடையாது. கம்பி கிடையாது, கூண்டு கிடையாது, கிட்டே போகாதே என்று எழுதிய பலகை கிடையாது. காணும் பொங்கல் அன்று காலையில் ஜனங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, பிள்ளை குட்டி, தாத்தா பாட்டி சகிதம் காட்டாற்றங்கரைக்குப் போவார்கள். அக்கரைக்கு மிருகங்களும் அதேபோல் பிள்ளை குட்டி, தாத்தா பாட்டி சகிதம் வந்து சேரும். யார் யாரைப் பார்க்க வந்தார்கள் என்பது மட்டும் கடைசிவரை முடிவாகவில்லை. மிருகம் பார்க்கப் போகிறோம் என்று ஜனங்கள் கிளம்புவார்கள். மனுசனைப் பார்க்கப் போகிறோம், வாலே இல்லாமல் எப்படித்தான் உட்கார்ந்து எழுந்திருக்கிறானோ என்று மிருகங்கள் கிளம்பும்.

கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான். ஆற்றை யாரும் தாண்டக் கூடாது. மற்றபடி கூப்பிட்ட குரலுக்கு மரியாதை உண்டு. "கரடியாரே, கொஞ்சம் எழுந்து நில்லுங்க, என் பேரன் பார்க்கணுமாம்" என்றால் கரடி அலுத்துக்கொண்டே எழுந்து நிற்கும். புலியைக் கூப்பிட்டால் இடப்பக்கம், வலப்பக்கம், பல்வரிசை என்று வரிசையாகக் காட்டும்.

இக்கரையில் இருந்த ஜனங்களில் நாச்சி என்று ஒரு பத்து வயசுக்காரி. அவள் தொண்டைக்குள் ஒரு ஊரே குடியிருந்தது. வாசலில் நின்று தாத்தா மாதிரி இருமுவாள். உள்ளே காலை நீட்டிக்கொண்டிருக்கும் அவள் அம்மா பதறி எழுந்து முந்தானையைச் சரிசெய்வாள். அப்பத்தா குரலில், "இந்தாங்க, சோறு ஆறுது" என்பாள். வயலில் இருந்து தாத்தா வேகுவேகென்று வந்து பார்த்தால் உலையே கொதித்திருக்காது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை அவரை அப்படி நடக்கவைத்திருக்கிறாள். இவளுடைய சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று வீட்டில் பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது.

அந்தத் தாத்தாவுக்கும் ஒரு பழக்கம் உண்டு. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிவிட்டு, விரலில் மிச்சமிருப்பதைக் கைக்கு அகப்பட்டதில் தேய்த்துவிடுவார். தூணோ, கதவோ, மாட்டுக் கொம்போ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். முப்பது வருஷமாக அப்பத்தா திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். அன்றைக்கு ஆற்றுக்கு நடந்த வழியெல்லாம் மரத்துக்கு மரம் வெள்ளைப் பொட்டு. நாச்சியின் தம்பி சாத்தனுக்கு நாலு வயசு. எறும்பைப் பார்ப்பான், ஓணானைப் பார்ப்பான், எப்போதும் பின்தங்கிவிடுவான். ஆனால் அந்தப் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு மரமாக வந்து சேர்ந்துவிடுவான்.

கரையில் சோற்றுமூட்டையை இறக்கியதும் எதிரே புலிக் குடும்பம். தாய்ப்புலி, பல்லெல்லாம் போன புலித் தாத்தா, புலிப் பாட்டி, சுள்ளான் என்று ஒரு குட்டி. புலித் தாத்தா ஒரே புலம்பல். போன வருஷம் வந்த மனுசர்கள் இன்னும் குண்டாக இருந்தார்களாம், இந்த வருஷம் சரியில்லையாம். புலிப் பாட்டி, "சும்மா இருங்க, அவங்க காதுல விழப்போகுது" என்று அதட்டினாள்.

சுள்ளான் தண்ணீர் ஓரமாக வந்து, இக்கரை மரங்களில் இருக்கும் வெள்ளை என்ன என்று சாத்தனிடம் கேட்டான்.

"எங்க தாத்தா வெரலு" என்றான் சாத்தன். "அதப் பாத்துக்கிட்டே நடந்தா, நடந்து முடிக்கிற எடத்துல எங்க அம்மா நிப்பாங்க. நான் தொலைஞ்சதே இல்ல."

சுள்ளான் ஓடிப்போய்த் தன் அம்மாவிடம், நமக்கு ஏன் பொட்டு இல்லை என்று கேட்டான்.

"நமக்கு எதுக்குடா பொட்டு? என் குரல் இருக்குல்ல. நான் கூப்பிட்டா நீ வந்துடணும், அவ்வளவுதான்" என்றது தாய்ப்புலி.

நாச்சியின் காதில் இது விழுந்தது. விழுந்தது என்றால், அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு வெகுநாளாக ஓர் ஆசை. புலிக்குட்டியின் காது மெத்தென்று இருக்குமா, சுரசுரவென்று இருக்குமா? அப்பாவைக் கேட்டால் தெரியாது என்றார். அம்மா, அந்த ஆராய்ச்சிக்குப் பாத்திரம் தேய்க்கலாம் என்றாள். தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடப்போகிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை.

சாப்பாட்டு நேரம் வந்தது. கரையில் சற்றுத் தள்ளி இருந்த யாரோ தாய்ப்புலியைப் பல் காட்டச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அது குட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. நாச்சி ஒரு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, அடித்தொண்டையைக் கொஞ்சம் கரகரவென்று ஆக்கி, தாய்ப்புலியின் குரலில், குட்டிக்கு மட்டும் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"டேய் சுள்ளான், நான் இந்தப் பக்கம் வந்துட்டேன். கல்லு கல்லா மிதிச்சு வாடா."

அவன் அம்மாவின் முதுகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குரல்தான் கூப்பிட்டுவிட்டதே. கல் மேல் கல்லாகத் தாவி இக்கரைக்கு வந்து, பாறையைச் சுற்றிப் பார்த்தால் அம்மா இல்லை. இரட்டைச் சடை போட்ட ஒரு மனுசக்குட்டி கையை நீட்டிக்கொண்டு இருந்தது. அம்மா குரலிலேயே சிரிக்கவும் சிரித்தது.

குட்டி மிரண்டு, பக்கத்து நாணற்காட்டுக்குள் பாய்ந்துவிட்டான்.

நாச்சியின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆள் உயர நாணல் அது. அதைத் தாண்டினால் பாறைச்சரிவு. ஆறு அங்கேதான் இரைச்சலோடு கீழே விழுகிறது.

அக்கரையில் தாய்ப்புலி திரும்பிப் பார்த்தது. குட்டி இல்லை. ஈரக் காலடி மட்டும் கல் கல்லாக இந்தப் பக்கம் வந்திருந்தது. கட்டுப்பாடாவது ஒன்றாவது, ஒரே பாய்ச்சலில் ஆற்றைத் தாண்டியது. ஜனங்கள் சோற்றைப் போட்டுவிட்டு மரத்தில் ஏறினார்கள். முட்டி வலிக்காரரான நாச்சியின் தாத்தா எல்லோருக்கும் முதலில் ஏறினார்.

"சுள்ளான், வெளிய வாடா" என்றது தாய்ப்புலி.

நாணலுக்குள்ளிருந்து அழுகையும் கோபமுமாகப் பதில் வந்தது. "நீ ஒண்ணும் எங்க அம்மா இல்ல. மறுபடியும் ஏமாத்துற." சரசரவென்று நாணல் அசைந்தது, சரிவுப் பக்கமாக.

தாய்ப்புலி இன்னும் உரக்கக் கூப்பிட்டது. குட்டி இன்னும் தூரம் போனான். உள்ளே பாயலாம் என்றால், காலடிச் சத்தம் கேட்டு அவன் ஓடினால் நேரே சரிவுதான். புலிப் பாட்டியும் யானையும் கரடியும் அக்கரையிலிருந்து ஆளுக்கொரு பக்கம் கூப்பிட, நாணலின் அசைவு இன்னும் நாலு முழம் தள்ளிப்போனது. பெற்ற தாய் கூப்பிடக் கூப்பிடக் குட்டி ஏன் விலகிப் போகிறது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. தெரிந்தது நாச்சிக்கு மட்டும்.

சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. அவள் பாறைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள்.

"கூப்பிடாதீங்க அத்தை. நான்தான் உங்க குரல்ல கூப்பிட்டேன். காதைத் தொட்டுப் பார்க்கணும்னு. இனிமே யாரு கூப்பிட்டாலும் அது நான்னுதான் நினைப்பான்."

மெலிசான, கொஞ்சம் நடுங்குகிற குரல். மரத்தின் மேலிருந்த அவள் அம்மாவே யார் பேசுவது என்று எட்டிப் பார்த்தாள்.

தாய்ப்புலி அவள் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்தது. "இதாவது உன் சொந்தக் குரலா?"

"ஆமா."

"அப்ப நான் எதை வெச்சு என் பிள்ளையைக் கூப்பிடுவேன்?"

அப்போது, அப்பா தோளில் தொங்கிக்கொண்டிருந்த சாத்தன், "பொட்டு வெச்சா வருவான்" என்றான், எறும்பைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

தாத்தாவின் சுண்ணாம்புச் சிமிழ் சோற்றுமூட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைத் தொடாதே என்று மரத்தின் மேலிருந்து அவர் சத்தம் போட்டார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அப்பத்தா, "இருங்க, இன்னிக்காவது உருப்படியா ஒண்ணுக்கு ஆகட்டும்" என்றாள்.

நாச்சி விரலில் சுண்ணாம்பைத் தோண்டி எடுத்தாள். தாய்ப்புலி தலையைத் தாழ்த்தியது. அதன் காதுகளின் பின்பக்கம் கரேலென்று இருந்தது. வலப்பக்கம் ஒரு பொட்டு, இடப்பக்கம் ஒரு பொட்டு. காது மெத்தென்று இருந்ததா, சுரசுரவென்று இருந்ததா என்று அவள் கவனிக்கவே இல்லை.

"இப்ப அவனுக்கு முதுகைக் காட்டி உக்காருங்க. கூப்பிடாதீங்க. திரும்பாதீங்க."

பிள்ளை சரிவில் நிற்கிறான். வாயைத் திறக்காதே, திரும்பியும் பார்க்காதே என்றால் எந்தத் தாய் கேட்பாள்? தாய்ப்புலி கேட்டது. நாணலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. நகங்கள் மட்டும் மண்ணுக்குள் போய்க்கொண்டே இருந்தன. அக்கரையும் அடங்கிவிட்டது. அருவி இரைச்சல் மட்டும் கேட்டது.

நாணலுக்குள் குட்டிக்குத் தெரிந்ததெல்லாம் கோடு கோடாக நாணல். அதற்கப்பால் கோடு கோடாக அம்மா இருந்தாலும் எது நாணல், எது அம்மா என்று பிரிந்து தெரியவில்லை. இரண்டு வெள்ளைப் பொட்டு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. நடந்து முடிக்கிற இடத்தில் அம்மா நிற்பாங்க என்று அந்தப் பையன் சொன்னானே. ஒரு காலை எடுத்து வைத்தான். பொட்டு கூப்பிடவில்லை, சிரிக்கவில்லை. இன்னொரு காலை வைத்தான். வெகுநேரம் கழித்து நாணல் விலகி, மூக்கு வந்து, பிறகு முழுக் குட்டியும் வந்து, அம்மாவின் வாலைக் கடித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டான்.

தாய்ப்புலி அவனை நக்கி முடித்தது. நாச்சி ஈரத்துணியோடு வந்து பொட்டைத் துடைத்துவிடட்டுமா என்று கேட்டாள்.

"இருக்கட்டும். குரலை யாரும் எடுத்துக்கிடலாம். இதை எடுக்க முடியாது" என்றது தாய்ப்புலி. குட்டியைப் பிடரியில் கவ்வுவதற்கு முன் இன்னும் ஒன்று சொன்னது. "வருஷா வருஷம் வாங்க. உங்க கெழடு கட்டை, பொடிசு எல்லாரையும் கூட்டிட்டு வாங்க, பாருங்க. கூப்பிட்டா மட்டும் திரும்ப மாட்டோம். இனிமே உங்க பேச்சு எங்களுக்கு வேண்டாம்."

அடுத்த வருஷம் நாச்சி கரையோரம் நின்று, தன் சொந்தக் குரலில்தான், "அத்தை" என்று கூப்பிட்டாள். முதுகைக் காட்டிப் படுத்திருந்த புலி திரும்பவில்லை. ஒரு காது மட்டும் லேசாக அசைந்து நின்றது. அதில் பொட்டு அப்படியே இருந்தது.

அன்று முதல்தான் புலிகளுக்கெல்லாம் காதின் பின்னால் வெள்ளைப் பொட்டு. காணும் பொங்கலுக்கு மிருகக்காட்சிசாலைக்குப் போய், தாத்தா சீட்டியடித்து, மாமா கைதட்டி, பொடிசுகள் உறுமிக் காட்டிக் கூப்பிட்டாலும், புலி நமக்கு முதுகைக் காட்டிப் படுத்திருப்பதும் அன்று முதல்தான். அதற்கு நம் குரல்கள் எல்லாமே நாச்சியின் குரலாகத்தான் கேட்கின்றன.