ஹில்டா பூட்டின இறக்கை

ஒரு ஊர்ல ஒரு அண்ணனும் தங்கச்சியும் இருந்தாங்க. கடலுக்கு அந்தப் பக்கம், ரொம்பக் குளிருற ஊரு. அண்ணன் யோனாஸ், தங்கச்சி ஹில்டா. அப்போ பெரிய யுத்தம் நடந்துட்டிருந்துச்சு. யோனாஸ் யுத்த விமானம் ஓட்டினான். அந்த விமானத்துக்கு இறக்கை பூட்டினவ ஹில்டா. போல்ட்டை மாட்டி, ஸ்பானரைப் போட்டு, கிர்ர்க், கிர்ர்க். ம் சொல்லு.

“ம்.”

ஒரு நாள் யோனாஸ் பறந்து போனான். பனி தேசத்து மேல புயல். அப்புறம் அவன் வரவே இல்ல. ஊர்ல எல்லாரும், இறக்கை கழண்டிருக்கும், அந்தப் பொண்ணு சரியா பூட்டியிருக்க மாட்டான்னாங்க. அதுக்கப்புறம் அம்மா ஹில்டாகிட்ட ஒரு வேலையும் சொல்லல. ஜன்னலைச் சாத்தக்கூடச் சொல்லல.

“அவ சரியாத்தானே பூட்டினா, அத்தை?”

ஊரே சொன்னா நமக்கே சந்தேகம் வந்துடும்ல. அந்த இறக்கையைக் கண்ணால பார்த்துடணும்னு இருந்தா ஹில்டா. அப்படி இருந்து இருந்து முடியெல்லாம் நரைச்சுப் போச்சு. அப்புறம்தான் பனியில புதைஞ்ச விமானத்தைத் தோண்டி எடுக்கற கூட்டம் ஒண்ணு கெடைச்சுது. தலைவன் ஆக்செல். வாய்த்துடுக்கு. “பாட்டிம்மா, வழுக்கி விழுந்தா தூக்க ஆள் இல்ல”ன்னான். “நீ விழுந்தா நான் தூக்கறேன், நட”ன்னா இவ.

யுத்த காலத்துல ஒரு வேட்டைக்காரன், பனியில விமானத்து வால் நீட்டிட்டிருந்ததைப் பார்த்திருக்கான். அந்த இடத்துக்குப் போனாங்க. வெறும் வெள்ளை. பனிக்குள்ள சத்தம் அனுப்பிக் கேக்கற பெட்டி ஒண்ணு வச்சிருந்தாங்க. டொக்னு அனுப்பினா பதிலே இல்ல. கோடை முடிஞ்சுது, திரும்பிட்டாங்க.

மறு வருஷம் வந்து பார்த்தா, அவங்க அடையாளத்துக்கு நட்டுட்டுப் போன குச்சியெல்லாம் தள்ளிப் போய் நிக்குது. “பனி நடக்குதுடா. விமானமும் கூடவே போயிருக்கு”ன்னா ஹில்டா. இத்தனை வருஷத்துல எவ்வளவு தூரம் நடந்திருக்கும்னு கணக்குப் போட்டு, அங்க பெட்டியை வச்சாங்க. டொக். அடியிலேருந்து, ணங்.

“கெடைச்சிடுச்சா?”

எங்க? கோபுரத்தைத் தலைகீழா நட்டா எவ்வளவு ஆழமோ, அவ்வளவு ஆழத்துல இருக்கு. வருஷா வருஷம் பனி மேல பனி. மண்வெட்டி எடுத்தாங்க, சரக், சரக். அப்போ காத்து, உஸ்ஸ்ஸ். பள்ளம் பூரா மூடிப் போச்சு. மறுபடி வெட்டினாங்க. மறுபடி உஸ்ஸ்ஸ். ஆக்செல் மண்வெட்டியை வீசிட்டு, “இந்தப் பனிக்கு நம்மளைப் பிடிக்கல, போலாம்”னான். “எனக்கும்தான் அதைப் பிடிக்கல. நான் போகல”ன்னா ஹில்டா.

அவ பேசிட்டே கொதிக்கற கெட்டிலைக் கீழ வச்சா. அது பனியைக் கரைச்சுட்டு உள்ள இறங்கிடுச்சு. ரெண்டு பேரும் அந்த ஓட்டையையே பார்த்தாங்க. அப்புறம், பெரிய செம்புக் கூம்பு ஒண்ணு செஞ்சாங்க. உள்ள சுடுதண்ணி சுத்திட்டே இருக்கும். சொட்டு, சொட்டு, சொட்டு. கரைஞ்ச தண்ணியை மேல இறைச்சாங்க. கெணறு மாதிரி எறங்கிச்சு. தூங்கிட்டியாடி?

“இல்ல... சொல்லு.”

நான்தான் முதல்ல எறங்குவேன்னா ஹில்டா. கயித்தைக் கட்டி விட்டாங்க. கீழ எல்லாம் நீலம். விமானத்தைச் சுத்தி இருந்த பனியைக் கரைச்சுக் கரைச்சு, ஒரு ரூம் மாதிரி ஆக்கினாங்க. ரெண்டு இறக்கையும் இருக்கு. சக்கரம் கீழ எறக்கி விட்டிருக்கு. பெட்ரோல் டேங்க்கைத் தட்டினா, டொங்னு காலிச் சத்தம். புயல்ல வழி தெரியாம சுத்திச் சுத்தி, பெட்ரோல் தீர்ந்ததும் யோனாஸ் மெதுவா எறக்கியிருக்கான்.

“யோனாஸ்?”

சீட்டு காலியா இருந்துச்சு. பெல்ட்டை அவனே கழட்டிட்டு எறங்கி நடந்திருக்கான். அப்புறம் என்னாச்சுன்னு யாருக்கும் தெரியாதுடி.

விமானம் முழுசா கெணத்து வழியா வராது. கோடை வேற இன்னும் கொஞ்ச நாள்தான். “இறக்கையை அறுத்துடலாம்”னான் ஆக்செல். “அறுத்தா அது தாங்கினது யாருக்குத் தெரியும்? கழட்டித்தான் எடுக்கணும்”னா ஹில்டா. ஆக்செல் ஸ்பானரைப் போட்டு முக்கிப் பார்த்தான், அசையல. “என்ன பாட்டிம்மா, இப்படி முறுக்கி வச்சிருக்கே”ன்னு திட்டினான். இன்னொரு தரம் திட்டுன்னா அவ.

ஒவ்வொரு போல்ட்டா அவளே கழட்டினா. கழட்டினதை ஆக்செல் கையில குடுத்தா. கடைசியில ஒரு கீறல் இல்லாம இறக்கை மேல வந்து பனியில படுத்துச்சு. அங்க கோடையில சூரியன் சீக்கிரம் மறையாது. ஹில்டா ஒரு துணியால கண்ணைக் கட்டிட்டு, அது பக்கத்துலயே படுத்தா. “குளிருதா?”ன்னான் ஆக்செல். “பேசாம இரு, தூக்கம் வருது”ன்னா.

அவ தூங்கிட்டா. அவளை யாரும் எழுப்பல. கதையும் படுத்துடுச்சு, நீயும் கண்ணை மூடு.