ஒரே ஓலையில் ஒரு லட்சம்

மஞ்சனூரை ஆண்ட கொற்றவராயருக்கு ஒருமுறை எண்களின் மேலேயே கோபம் வந்துவிட்டது. காரணம் யானைகள். மகளின் கல்யாண ஊர்வலத்துக்குப் பதினோரு யானை வேண்டும் என்று பக்கத்து நாட்டுக்கு ஓலை அனுப்பியிருந்தார். எழுதியவனின் எழுத்தாணி கொஞ்சம் இழுத்துக்கொண்டதில் முதல் ஒன்று ஒன்பதுபோல் ஆகிவிட்டது. வந்து இறங்கியவை தொண்ணூற்றொரு யானைகள். கல்யாணம் முடிவதற்குள் அரண்மனை வாழைத்தோட்டமே காணாமல் போயிற்று.

மறுநாள் சபையில் அரசர் கட்டளையிட்டார். இனி எந்த ஓலையிலும் எண்ணை எண்ணாக எழுதக் கூடாது, சொல்லாகத்தான் எழுத வேண்டும். எழுதுகிறவர்கள் பார்த்து எழுத, ஒன்று முதல் லட்சம் வரை எல்லா எண்களுக்கும் சொல் எழுதிய சுவடி ஒன்று வேண்டும்.

ஓலை எழுதுவோருக்கெல்லாம் தலைவர் பெரியநம்பி. ஓலைநாயகம் என்பது அவர் பட்டம். லட்சம் வரி என்றால் நாற்பது பேர் உட்கார்ந்து ஆறு மாதம் எழுத வேண்டும், சுவடிகளை வைக்கத் தனி மண்டபம் கட்ட வேண்டும் என்று அவர் விரிவாக எடுத்துச் சொன்னார். நடுவில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. சிரித்தவர் கூத்தபிரான். அரசருக்குப் பக்கத்திலேயே ஆசனம் பெற்றவர். வாயை அடக்கத் தெரியாதவர்.

"ஒரே ஓலை போதும், மகாராஜா" என்றார் அவர்.

பெரியநம்பி விடுவாரா? அப்படியானால் மூன்று நாளில் அந்த ஓலையைக் கொண்டுவரட்டும், முடியாவிட்டால் ஆசனத்தை விட்டுவிட்டு யானைக் கொட்டிலில் சாணம் அள்ளட்டும் என்றார். அரசரும் ஒப்புக்கொண்டார். தொண்ணூற்றொரு யானைகளும் இன்னும் ஊர் திரும்பவில்லை என்பது அப்போதுதான் கூத்தபிரானுக்கு நினைவு வந்தது. முகம் கொஞ்சம் வெளுத்தது.

மூன்றாம் நாள் சபை நிரம்பி வழிந்தது. கூத்தபிரான் ஒற்றை ஓலையை நீட்டினார். இரண்டு பக்கமும் எறும்பு ஊர்ந்ததுபோலப் பொடி எழுத்து. அவர் வாயைத் திறக்குமுன் பெரியநம்பி குறுக்கிட்டார். எண் தெரிந்தவர் எதை வேண்டுமானாலும் பார்த்து வாசிப்பார். எண் தெரியாத ஒருவர் வாசிக்கட்டும், கூத்தபிரான் மூச்சுவிடக் கூடாது என்றார். அது நியாயம்தான் என்று அரசருக்கும் பட்டது. அரண்மனைக்குப் பூக்கட்டும் வேலம்மையை அழைத்துவரச் சொன்னார். அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். எண்ணுவது மட்டும் நூறு பூ வரைதான்.

மணற்பலகையில் அரசர் இருநூற்று நாற்பத்தேழை எண்ணாக எழுதினார். வேலம்மை விரல் வைத்து ஓலையில் தேடினாள். நூற்றின் இடத்தில் இரண்டு இருந்தால் இருநூறு. பின்னால் இன்னொரு எண் வந்தால் நூறு நூற்று ஆகும், நாற்பது நாற்பத்து ஆகும். இப்படி ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்பது சொற்கள், சேர்க்கும் விதம், அவ்வளவுதான் ஓலையில் இருந்தது.

"இருநூற்று நாற்பத்தேழு" என்றாள்.

பெரியநம்பி பலகையை வாங்கித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றை எழுதினார். வழக்கம்போல் சேர்த்தால் ஒன்பது நூறு என்று உளறுவாள் என்பது அவர் கணக்கு. உளறவில்லை. தொள்ளாயிரம், தொண்ணூறு இரண்டுக்கும் ஓலையில் தனி வரி இருந்தது. தனி வரி எதற்கு என்று அரசர் கேட்டார். மூச்சுவிட அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில் கூத்தபிரான் சொன்னார்: "ஒருவர் நூறு ஆகாமலே பெயரில் நூறு வைத்திருக்கிறார். இன்னொருவர் ஆயிரம் ஆகாமலே ஆயிரம் என்கிறார். பெரிய இடத்து ஆட்கள், மகாராஜா. தனியாகத்தான் கவனிக்க வேண்டும்."

சபை சிரித்தது. பெரியநம்பி சிரிக்கவில்லை. ஐந்தாறு எண்களை எழுதிப் பார்த்தார். முந்நூற்றைந்து, நாற்பதாயிரத்து எட்டு, எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. நடுநடுவே இந்த ஓலை ஏன் உதவாது என்று நீளமாகப் பேசவும் செய்தார். கடைசியில் பலகையில் வெறும் சுழி ஒன்றைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

வேலம்மை ஓலையை ஒருமுறை முழுக்கப் பார்த்தாள். பிறகு அதைக் கையில் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.

ஓலை தோற்றுவிட்டது, கொட்டிலுக்கு ஆள் அனுப்பலாம் என்றார் பெரியநம்பி. அரசரின் முகமும் சுருங்கியது. "ஏனம்மா பேசவில்லை?" என்று கேட்டார்.

"ஓலையில் போட்டிருக்கிறபடிதான் செய்தேன், மகாராஜா" என்று அவள் கடைசி வரியை வாசித்தாள். "எந்த இடத்தில் ஒன்றும் இல்லையோ, அந்த இடத்தில் வாயைத் திறக்காதே."

முந்நூற்றைந்தில் பத்தின் இடம் காலியாக இருந்ததே, அங்கேயும் அவள் ஒன்றும் சொல்லாமல்தானே தாண்டிப் போனாள் என்று விளக்கிய கூத்தபிரான், ஓலைநாயகத்தின் பக்கம் அன்போடு திரும்பினார்.

"ஐயா அந்த ஒரு வரியை மட்டும் முதலிலேயே படித்திருந்தால், இன்று சபை எப்போதோ கலைந்திருக்கும்."

கொற்றவராயர் சிரித்த சிரிப்பில் மணற்பலகை கவிழ்ந்தது. தன் கையில் இருந்த கங்கணத்தைக் கழற்றிக் கூத்தபிரானுக்குக் கொடுத்தார். வேலம்மைக்கு ஒரு பட்டுப்புடவை கொண்டுவரச் சொன்னார். பெரியநம்பி பதில் சொல்ல வாயைத் திறந்தார். வேலம்மையின் கையில் இருந்த ஓலையைப் பார்த்தார். மெல்ல மூடிக்கொண்டார்.